பொடி வேலை செய்யுமா, டப்பாவில் அது இருக்கிறதா?

"கிரியேட்டின் சாப்பிட்டா முடி கொட்டும்." வலிமை கூட ஜிம்மில் பலர் எடுக்கும் பொடிதான் கிரியேட்டின். ஜிம்மில் சேர்ந்த முதல் வாரத்திலேயே யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். எங்கே படித்தீர்கள் என்று கேட்டால், "ஆராய்ச்சியிலேயே நிரூபிச்சிருக்காங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஆராய்ச்சி இருப்பது உண்மைதான். 2009-இல் வெளியானது. தென்னாப்பிரிக்காவில் கல்லூரி ரக்பி வீரர்கள் 20 பேரைச் சேர்த்துச் செய்தார்கள். முதல் 7 நாள் தினமும் 25 கிராம் கிரியேட்டின், அடுத்த 14 நாள் தினமும் 5 கிராம். ரத்தத்தில் டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனை அளந்தார்கள். சுருக்கமாக டிஹெச்டி. ஆண்களின் வழுக்கையில் இதற்குப் பங்கு உண்டு. முதல் வார முடிவில் அது 56 சதவீதம் கூடியிருந்தது. அவ்வளவுதான், இணையம் மீதியைப் பார்த்துக்கொண்டது.

அந்த ஆய்வில் முடியை யாரும் அளக்கவில்லை. ஒருவர் தலையிலும் சீப்பு வைத்துப் பார்க்கவில்லை, முடி அடர்த்தியை எண்ணவில்லை. ரத்தத்தில் ஒரு ஹார்மோன் கூடியது, அந்த ஹார்மோனுக்கும் வழுக்கைக்கும் தொடர்பு உண்டு, ஆகவே முடி கொட்டும் என்று மூன்று படி தாண்டி முடிவுக்கு வந்தவர்கள் படித்தவர்கள்தான்.

56 சதவீதம் என்ற எண்ணையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். கிரியேட்டின் எடுக்கத் தொடங்கும் முன் அவர்களுடைய டிஹெச்டி லிட்டருக்கு 0.98 நானோமோல். ஒப்பீட்டுக்காக அதே வீரர்கள் வேறொரு கட்டத்தில் வெறும் குளுக்கோஸ் எடுத்தார்கள், அதில் தொடக்க அளவு 1.26. அதாவது கிரியேட்டின் கட்டம் தொடங்கியதே தாழ்வான இடத்தில் இருந்து. 0.98-இலிருந்து 1.53-க்கு ஏறியதுதான் 56 சதவீதம். அதே 1.53-ஐ 1.26-உடன் ஒப்பிட்டால் 21 சதவீத வித்தியாசம்தான் வரும். இரண்டுமே இயல்பான வரம்புக்குள் இருக்கும் அளவுகள். முக்கிய ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் மாறவே இல்லை. 2025-இல் வெளியான ஓர் ஆய்வில் 45 ஆண்களைச் சேர்த்து, தினம் 5 கிராம் வீதம் 12 வாரம் கொடுத்து, இந்த முறை முடியையே நேரடியாக அளந்தார்கள். கிரியேட்டின் எடுத்தவர்களுக்கும் ஒப்பீட்டுக்காக கிரியேட்டின் இல்லாத வெற்றுப் பொடி எடுத்தவர்களுக்கும் முடியிலும் வித்தியாசமில்லை, டிஹெச்டியிலும் வித்தியாசமில்லை. 12 வாரம் என்பது வழுக்கை விஷயத்தில் நீண்ட காலமல்ல என்ற வாதம் நியாயமானது. ஆனாலும் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் தேடிய ஆய்வு இதுதான், 2009 ஆய்வு அல்ல.

இதை முதலில் எடுத்ததற்குக் காரணம் உண்டு. விற்பவர் சொல்வதைச் சந்தேகப்படும் பலர், பயமுறுத்துபவர் சொல்வதை அப்படியே விழுங்கிவிடுகிறார்கள். நல்லது செய்யும் என்றாலும் கெடுதல் செய்யும் என்றாலும் சோதிக்கும் முறை ஒன்றுதான். யாரிடம் அளந்தார்கள், எதை அளந்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள் என்று நான்கையும் கேட்க வேண்டும். இவை முடிந்த பிறகு, பெரும்பாலோர் கேட்க மறக்கும் இன்னொரு கேள்வி இருக்கிறது: ஆய்வில் கொடுத்த அந்தப் பொருள், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய டப்பாவுக்குள் அதே அளவில் இருக்கிறதா? இந்த இரண்டு பாதிகளையும் சேர்த்துக் குழப்பிக்கொள்வதால்தான் பாதி வாக்குவாதங்கள் முடியாமல் இழுக்கின்றன.

அஸ்வகந்தாவும் 46 கிலோவும்

இப்போது விற்பவர் தரப்பு. "டெஸ்டோஸ்டிரோனை உயர்த்தும், வலிமையைக் கூட்டும், மருத்துவ ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்று அஸ்வகந்தா மாத்திரைகளின் விளம்பரம் சொல்லும்போது, பெரும்பாலும் பின்னால் நிற்பது 2015-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு. 18 முதல் 50 வயது வரையுள்ள 57 ஆண்கள். ஒரு பாதிக்கு வேர்ச்சாறு 300 மி.கி., தினம் இரண்டு வேளை, 8 வாரம். மறு பாதிக்கு வெற்று மாத்திரை. இரு தரப்பும் எடைப் பயிற்சி செய்தார்கள். யாருக்கு எது என்று குலுக்கல் முறையில் பிரித்திருந்தார்கள். இதுவரை ஒழுங்கான அமைப்புதான். பல சப்ளிமெண்ட்களுக்கு இந்த அளவுக்குக்கூட ஆய்வு கிடையாது.

முடிவில், பெஞ்ச் பிரஸ்ஸில் (மல்லாந்து படுத்து எடையை மார்புக்கு மேல் தள்ளும் பயிற்சி) ஒரே முறை தூக்கக்கூடிய அதிகபட்ச எடை அஸ்வகந்தா குழுவில் சராசரியாக 46 கிலோ கூடியது, வெற்று மாத்திரைக் குழுவில் 26 கிலோ. டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு 96 நானோகிராம் கூடியது, மறு குழுவில் 18.

எடை தூக்கிப் பழகியவர்களுக்கு 46 கிலோ என்றதுமே உறுத்தும். எட்டு வாரத்தில் 46 கிலோ. சில வருடம் ஒழுங்காகப் பயிற்சி செய்தவர் ஒரு வருடத்தில் பெஞ்ச் பிரஸ்ஸில் 10 கிலோ ஏற்றினாலே இனிப்பு வாங்கிக் கொடுப்பார். விளக்கம் ஆய்விலேயே இருக்கிறது: இவர்கள் எடைப் பயிற்சியில் அதிக அனுபவம் இல்லாதவர்கள். புதிதாகத் தொடங்குபவரிடம் முதல் இரண்டு மாதம் ஏறும் எடையில் பெரும்பங்கு, கம்பியைச் சரியாகப் பிடிக்கவும் மூச்சைக் கட்டவும் கற்றுக்கொள்வதால் வருவது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களே 26 கிலோ ஏற்றியது அதனால்தான். இப்படி எல்லாமே ஆட்டம் கண்டுகொண்டிருக்கும் கட்டத்தில், குழுவுக்கு முப்பது பேர் கூட இல்லாத இரு குழுக்களுக்கு இடையே வரும் வித்தியாசத்தில் எவ்வளவு மாத்திரையால், எவ்வளவு வேறு காரணத்தால் என்று பிரிப்பது கடினம். மூன்று வருடமாக ஜிம்முக்குப் போகும் ஒருவர் இந்த எண்ணைத் தனக்கு எடுத்துக்கொள்ள அடிப்படையே இல்லை.

டெஸ்டோஸ்டிரோனின் 96-க்கு வருவோம். வயது வந்த ஆணுக்குச் சாதாரண வரம்பு ஏறத்தாழ 300 முதல் 1000 வரை. அதே மனிதருக்குக் காலையில் எடுத்த ரத்தத்துக்கும் மாலையில் எடுத்த ரத்தத்துக்கும் இதைவிட அதிக வித்தியாசம் வரலாம். வரம்புக்குள்ளேயே 600 என்பது 700 ஆனால் தசை கூடும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. தசை கூடுவது, மருத்துவ அளவைப் பல மடங்கு தாண்டி ஊசி போடும்போது. 1996-இல் அமெரிக்காவில் செய்த பிரபலமான ஆய்வில் வாரம் 600 மி.கி. டெஸ்டோஸ்டிரோன் ஊசியும் எடைப் பயிற்சியும் சேர்ந்து 10 வாரத்தில் கொழுப்பற்ற எடையை 6.1 கிலோ கூட்டின.

அந்த 6.1 கிலோவை மனதில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சப்ளிமெண்ட் விளம்பரத்தையும் எடைபோட உதவும் அளவுகோல் அது. 2014-இல் ஹெச்எம்பி என்ற பொருளைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. 12 வாரத்தில் கொழுப்பற்ற எடை 7.4 கிலோ கூடியது, வெற்றுப் பொடி எடுத்தவர்களுக்கு 2.1 கிலோ என்றார்கள். லியூசின் என்ற அமினோ அமிலம் (புரதத்தின் அடிப்படைத் துண்டுகளில் ஒன்று) உடலில் சிதைந்தால் வரும் ஒரு துணைப்பொருள், வாராவாரம் 600 மி.கி. ஸ்டீராய்டு ஊசியையே மிஞ்சுகிறதாம்! மற்ற ஆய்வாளர்கள் பகிரங்கமாகக் கேள்வி எழுப்பினார்கள். பிறகு கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஹெச்எம்பியை லியூசினோடு ஒப்பிட்டு 12 வாரம் சோதித்தபோது இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒரே ஆய்வகத்தில் மட்டும் விளையும் அதிசயத்தை நம்பிக் காசு போட வேண்டாம்.

அஸ்வகந்தாவை விடுவதற்கு முன் அதன் மறுபக்கம். "ஆயுர்வேதம்தானே, பக்கவிளைவு கிடையாது" என்ற பேச்சு. ஐஸ்லாந்திலும் அமெரிக்காவிலும் அஸ்வகந்தா எடுத்த ஐந்து பேருக்கு மஞ்சள் காமாலையும் அரிப்பும் வந்ததை 2020-இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். எடுக்கத் தொடங்கி 2 முதல் 12 வாரத்துக்குள் வந்தது, நிறுத்திய சில மாதங்களில் குணமானது. டென்மார்க் 2023-இல் அதைத் தடையே செய்துவிட்டது. ஐந்து பேர் என்பது எத்தனை பேரில் ஐந்து என்று இந்தப் பதிவு சொல்லாது. ஆகவே "அஸ்வகந்தா கல்லீரலைக் கெடுக்கும்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதும் தவறு. அதே சமயம், "ஆய்வில் ஒருவருக்கும் பாதிப்பு வரவில்லை" என்ற சமாதானமும் செல்லாது. எளிய கணக்கு ஒன்று இருக்கிறது: எத்தனை பேருக்குக் கொடுத்தார்களோ அந்த எண்ணால் 3-ஐ வகுங்கள். 30 பேருக்குக் கொடுத்து ஒருவருக்கும் வரவில்லை என்றால், உண்மையான பாதிப்பு 10 சதவீதம் வரை இருக்கும் வாய்ப்பைக்கூட அந்த ஆய்வால் மறுக்க முடியாது. ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் கல்லீரல் பாதிப்பைச் சிறிய ஆய்வுகள் கண்டுபிடிக்கவே முடியாது. பலன் உண்டா என்பதற்குக் குலுக்கல் முறை ஆய்வைப் பாருங்கள். அரிதான கெடுதல் உண்டா என்பதற்கு மருத்துவர்களின் தனிப் பதிவுகளையும் பாருங்கள்.

சதவீதம் என்ற வித்தை

பிசிஏஏ (மூன்று அமினோ அமிலங்களின் கலவை) டப்பாக்களின் விளம்பரத்தில் "தசைப் புரத உற்பத்தி 22 சதவீதம் அதிகம்" என்று ஒரு வரி வரும். 2017-இல் வந்த உண்மையான ஆய்வு. பத்து இளைஞர்கள், எடைப் பயிற்சி முடிந்ததும் 5.6 கிராம் பிசிஏஏ. ஒப்பிட்டது புரதமே இல்லாத வெற்றுப் பானத்தோடு. அதே அளவு பிசிஏஏ உள்ள வே புரோட்டீன் (பாலிலிருந்து பிரித்தெடுக்கும் புரதம்) குடித்தால் கிடைப்பதாக முன்பு பதிவான விளைவில் இது ஏறத்தாழ பாதிதான் என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். காரணம் எளிது. தசையைக் கட்ட அத்தியாவசியமான ஒன்பது அமினோ அமிலங்களும் வேண்டும், பிசிஏஏயில் இருப்பது மூன்று. வேலையைத் தொடங்கச் சொல்லும் சைகை போய்ச் சேருகிறது, மற்ற ஆறும் கையிருப்பில் இல்லை. தவிர, சில மணி நேரத்து உற்பத்தி வேகத்தை அளந்ததைச் சில மாதத்துத் தசை வளர்ச்சியாக விற்கிறார்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பிசிஏஏ பற்றிய தசை வளர்ச்சிக் கூற்றுகளை 2010-லேயே நிராகரித்துவிட்டது. இப்படிப்பட்ட கூற்றுகளுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் பதிவேடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஏற்ற கூற்றுகளோடு நிராகரித்தவற்றையும் காரணத்தோடு பட்டியலிடுகிறார்கள். ஒரு பொருளின் பெயரைப் போட்டுத் தேடினால் இரண்டு நிமிட வேலை. கிரியேட்டினை ஏற்றிருக்கிறார்கள். எப்படி என்று பாருங்கள்: அடுத்தடுத்து வரும் குறுகிய, கடுமையான உழைப்பில் உடல் திறனைக் கூட்டும், தினம் 3 கிராம் எடுத்தால். "தசையைப் பெருக்கும்" என்று பொதுவாக விட்டுவிடவில்லை. எதில், எவ்வளவுக்கு என்று கட்டிப் போட்டிருக்கிறார்கள். நம்பத்தக்க கூற்று இப்படித்தான் இருக்கும், கேட்கக் கொஞ்சம் சப்பென்று.

புரோட்டீன் பொடியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018-இல் 49 ஆய்வுகளை, 1,863 பேரின் தரவை ஒன்றாகச் சேர்த்து அலசினார்கள். எடைப் பயிற்சியோடு கூடுதல் புரதம் எடுத்தவர்களுக்கு, எடுக்காதவர்களைவிடக் கொழுப்பற்ற எடை சராசரியாக 0.3 கிலோ அதிகம் கூடியது. தூக்கும் எடை 2.5 கிலோ அதிகம். பலன் உண்டு, சந்தேகமில்லை. ஆனால் 300 கிராம். சாப்பாட்டில் கிடைக்கும் புரதத்தையும் சேர்த்து உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராமைத் தாண்டியபின் கூடுதல் பலன் தெரியவில்லை. 60 கிலோ உள்ளவருக்கு 96 கிராம். சோறு, சாம்பார், ஒரு முட்டை என்று நாளை ஓட்டுபவர் அந்த அளவை எட்டமாட்டார், அவருக்குப் பொடி உதவும், நான்கு முட்டையும் அதே அளவு உதவும். ஏற்கெனவே கோழியும் பயறும் தயிரும் சேர்த்து எட்டிவிட்டவருக்கு இரண்டாவது ஸ்கூப் வெறும் விலை உயர்ந்த கலோரி.

ஆய்வுக் கட்டுரையை நேராகத் திறந்து பார்க்க முடிந்தால், சுருக்கத்தோடு நிற்காமல் முடிவுகளின் அட்டவணைக்குப் போங்கள். அங்கே அடிக்கடி சிக்கும் தந்திரம்: "பொடி எடுத்த குழுவில் வலிமை குறிப்பிடத்தக்க அளவு கூடியது" என்பது தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே உள்ள வித்தியாசம். வெற்றுப் பொடிக் குழுவிலும் கிட்டத்தட்ட அதே அளவு கூடியிருக்கும். பார்க்க வேண்டியது இரு குழுக்களுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை. அடுத்து, எத்தனை விஷயங்களை அளந்தார்கள் என்று எண்ணுங்கள். தொடர்பில்லாத 20 அளவீடுகள் எடுத்தால், பொருளுக்கு எந்தப் பலனும் இல்லாவிட்டாலும் குறைந்தது ஒன்றாவது தற்செயலாக "குறிப்பிடத்தக்கதாக" வரும் வாய்ப்பு 64 சதவீதம். அந்த ஒன்றுதான் டப்பாவின் முகப்பில் ஏறும். தொடங்கும் முன்பே எதை முதன்மையாக அளக்கப் போகிறோம் என்று பதிவு செய்திருந்தால் இந்தப் பிரச்சினை குறையும். இந்தியாவில் மருத்துவ ஆய்வுகளுக்கான பதிவேடு, சிடிஆர்ஐ, 2007 முதல் இருக்கிறது. கட்டுரையில் உள்ள பதிவு எண்ணை அங்கே போட்டு, முதலில் சொன்ன முதன்மை அளவீடும் கட்டுரையில் பெருமையாகச் சொன்னதும் ஒன்றுதானா என்று பாருங்கள். பதிவு எண்ணே இல்லை என்றால் அதுவும் ஒரு தகவல்தான்.

குளுட்டமின் போன்றவற்றில் வேறு மாதிரி வழுக்கல். தசையில் அதிகமாக இருக்கும் அமினோ அமிலம், கடும் பயிற்சியில் குறைகிறது, ஆகவே குடித்தால் தசை வளரும் என்று தர்க்கம் ஓடுகிறது. வாய்வழி எடுத்ததில் பெரும்பகுதியைக் குடலே தனக்கு எரிபொருளாக எடுத்துக்கொள்கிறது. ஆறு வாரம் நல்ல அளவு கொடுத்துச் சோதித்தபோதும் வெற்றுப் பொடியைவிடப் பலன் இல்லை. உடலுக்குள் எப்படி வேலை செய்கிறது என்ற அழகான விளக்கம் பலனுக்கு ஆதாரம் ஆகாது.

இனி டப்பா

பொருள் நல்லது என்றே வைத்துக்கொள்வோம். டப்பாவில் அது இருக்கிறதா?

கேரளக் கல்லீரல் மருத்துவர் சிரியாக் ஆபி பிலிப்ஸும் குழுவினரும் இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரோட்டீன் பொடிகளைச் சொந்தச் செலவில் பரிசோதித்து 2024-இல் வெளியிட்டார்கள். 25 டப்பாக்களில் லேபிளில் சொன்னதைவிடப் புரதம் குறைவு. சிலவற்றில் குறைவு 10 சதவீதத்துக்குள், சிலவற்றில் பாதிக்கும் மேல். ஐந்தில் பூஞ்சை நச்சான அஃப்ளாடாக்சின், மூன்றில் பூச்சிக்கொல்லி எச்சம்.

புரதம் குறைவாக இருந்தும் பரிசோதனையில் சரியாகக் காட்டும் வழியும் ஒன்று உண்டு. இதைத் தெரிந்துகொண்டால் லேபிளைப் படிக்கும் கண்ணே மாறிவிடும். ஆய்வகம் வழக்கமாகப் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. பொடியிலுள்ள நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குகிறது. பால் பொருள் என்றால் 6.38. நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று அந்தச் சோதனைக்குத் தெரியாது. 2008-இல் சீனாவில் பாலில் நைட்ரஜன் நிறைந்த மெலமைன் என்ற தொழிற்சாலை வேதிப்பொருளைக் கலந்தது இந்த ஓட்டையைப் பயன்படுத்தித்தான். சப்ளிமெண்டில் அவ்வளவு கொடுமை வேண்டியதில்லை, நைட்ரஜன் உள்ள மலிவான பொருட்களான கிளைசின், டாரின் போதும். ஒரு ஸ்கூப்பில் உண்மையான வே புரதம் 18 கிராம் மட்டும் போட்டு, அதோடு 3 கிராம் கிளைசின், 2 கிராம் டாரின், 1 கிராம் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் சேர்த்தால் என்ன ஆகும்? கிளைசினில் நைட்ரஜன் 18.7 சதவீதம், அது 3.5 கிராம் "புரதமாக"க் கணக்கில் ஏறும். டாரின் 1.4 கிராம் தரும். கிரியேட்டின் ஒரு கிராம், 1.76 கிராமாகத் தெரியும். மொத்தம் 24.66. லேபிளில் 24 கிராம் என்று அச்சடிக்கலாம், நைட்ரஜன் சோதனையிலும் பாஸ்.

பிடிப்பது எப்படி? பொருட்களின் பட்டியலில் கிளைசின், டாரின், கிரியேட்டின், குளுட்டமின் என்று தனித்தனியாக எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். "மசில் மேட்ரிக்ஸ்", "அமினோ பிளெண்ட்" என்று கூட்டாகப் பெயர் வைத்து மொத்த எடையை மட்டும் போட்டிருந்தால், அது மளிகைக் கடைக்காரர் பொருள் வாரியாக எழுதாமல் மொத்தத் தொகையை மட்டும் நீட்டும் பில் மாதிரி. அடுத்து அமினோ அமில அட்டவணையில் லியூசினைத் தேடுங்கள். வே புரதத்தில் லியூசின் 10 முதல் 11 சதவீதம் இருக்கும். 24 கிராம் புரதம் என்றால் லியூசின் 2.5 கிராம் சுற்றி இருக்க வேண்டும். 1.9 என்று போட்டிருந்தால் உண்மையில் 18 கிராம் புரதம்தான். அட்டவணையே இல்லை என்றால் நான் வாங்கமாட்டேன். சோயா, பட்டாணிப் புரதத்தில் லியூசின் 8 சதவீதம் அளவில்தான் இருக்கும், அங்கே இந்தக் கணக்கை அப்படியே போட்டுப் பழி சொல்லாதீர்கள். இன்னொன்று, "90 சதவீதம் புரதம்" என்பதன் பக்கத்தில் ஈரம் நீக்கிய நிலையில் என்று பொடி எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். புரத கிராமை ஸ்கூப் எடையால் நீங்களே வகுப்பது மேல். 33 கிராம் ஸ்கூப்பில் 24 என்றால் 73 சதவீதம், வே கான்சன்ட்ரேட்டுக்கு நியாயமான அளவு. உடல் எடை கூட்ட விற்கும் மாஸ் கெய்னர் பொடியில் இந்தக் கணக்கைப் போட்டால் மனம் நொந்துபோகும். பெரும்பகுதி மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச் சர்க்கரைதான்.

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க உரிம எண்ணைப் பார்த்து நிம்மதி அடைகிறவர்கள் பலர். பார்க்கத்தான் வேண்டும். அதன் உரிம இணையதளமான ஃபாஸ்காஸில் அந்த எண்ணைப் போட்டு நிறுவனத்தின் பெயரும் முகவரியும் லேபிளோடு பொருந்துகிறதா, உரிமம் நடப்பில் இருக்கிறதா என்றும் சரிபாருங்கள். போலி டப்பாக்கள் இங்கேயே பல நேரம் மாட்டும். ஆனால் அந்த எண் சொல்வது, இந்த நிறுவனத்துக்கு உணவு வணிகம் செய்ய உரிமம் இருக்கிறது என்பதை மட்டும். இந்த பேட்ச் டப்பாவை யாரோ திறந்து சோதித்தார்கள் என்று அது சொல்லவில்லை. சட்டப்படி சப்ளிமெண்ட் லேபிளில் மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற வாசகம் கட்டாயம். அதை ஒரு பக்கம் அச்சடித்துவிட்டு மறுபக்கம் மூட்டுவலியைக் குணமாக்கும் என்று எழுதினால், நிறுவனமே தன் கூற்றை மறுத்துவிட்டதாக எடுத்துக்கொள்ளலாம்.

மாவட்ட, மாநில அளவில் போட்டியிடுபவர்களுக்கு இன்னொரு ஆபத்து. 2000, 2001-இல் 13 நாடுகளிலிருந்து வாங்கிய 634 சப்ளிமெண்ட்களை ஜெர்மனியின் கொலோன் ஆய்வகம் சோதித்தது. 94-இல், அதாவது 14.8 சதவீதத்தில், லேபிளில் சொல்லாத, உடலுக்குள் ஸ்டீராய்டாக மாறும் முன்னோடிப் பொருட்கள் இருந்தன. ஊக்கமருந்து விதிகளின்படி உடலுக்குள் போனதற்குப் பொறுப்பு வீரருடையது, "லேபிளில் இல்லை" என்பது விடுதலை தராது. லேபிளில் வேறு பெயரில் ஒளிந்திருப்பதும் உண்டு. டிஎம்ஏஏ என்ற தடைசெய்யப்பட்ட ஊக்கி, "ஜெரேனியம் சாறு" என்றும் "மெத்தில்ஹெக்ஸனமின்" என்றும் வரும். தடைசெய்யப்பட்ட இன்னொரு பொருளான ஹிஜெனமைன் மூலிகைச் சாறாக வரும். இவர்களுக்கு ஒவ்வொரு பேட்சும் சோதிக்கப்பட்ட பொருள்தான் பாதுகாப்பு. இன்ஃபார்ம்டு ஸ்போர்ட் முத்திரை அப்படிப்பட்டது. முத்திரையைப் பார்த்ததோடு விடாமல், டப்பாவின் அடியில் உள்ள பேட்ச் எண்ணை அவர்களுடைய தளத்தில் தேடுங்கள். வரவில்லை என்றால் அந்த முத்திரை வெறும் படம். இதிலும் ஓர் எல்லை உண்டு: தடைசெய்யப்பட்ட பொருள் இல்லை என்றுதான் அது உறுதி சொல்கிறது, பொடி தசை வளர்க்கும் என்று சொல்லவில்லை.

சந்தேகம் வலுத்தால் நீங்களே சோதிக்கவும் வழி உண்டு. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைச் சட்டம் 2006, பிரிவு 40-இன்படி பொருளை வாங்கும் எவரும் கட்டணம் கட்டி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதித்து அறிக்கை பெறலாம். வாங்கும்போதே, இதைச் சோதனைக்குக் கொடுக்கப்போகிறேன் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும், இதைத் தவறவிட்டால் சிக்கல். நாலைந்து நண்பர்கள் சேர்ந்து என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்குத் தர அங்கீகாரம் தரும் இந்திய அமைப்பு) அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகத்திலும் கொடுக்கலாம். எங்கே கொடுத்தாலும் "புரதம் மட்டும்" என்று கேட்காதீர்கள். கேட்டால் மறுபடியும் நைட்ரஜனைத்தான் அளப்பார்கள். அமினோ அமிலப் பகுப்பாய்வு வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். டப்பாவைத் திறக்காமல், பில்லோடு.

உடம்பு சொல்வதை நம்பலாமா

"எனக்கு வேலை செய்யுதுப்பா" என்பது ஜிம்மில் கடைசி வாதம். பயிற்சிக்கு முன் குடிக்கும் பிரீ-வொர்க்அவுட் பொடியைக் குடித்ததும் முகத்திலும் விரல்களிலும் ஊசி குத்துவது போல் சுள்ளென்று வரும், அது பீட்டா-அலனின். அந்தக் குத்தலுக்கும் பலனுக்கும் சம்பந்தமில்லை. ஒரே தடவையில் கிட்டத்தட்ட ஒரு கிராம் போனாலே தோல் நரம்பு தூண்டப்படும். பலன், தசையில் கார்னோசின் என்ற பொருள் சேரும்போதுதான். அதற்கு தினமும் 4 முதல் 6 கிராம் வரை, சிறு சிறு அளவாகப் பிரித்து, குறைந்தது நான்கு வாரம் எடுக்க வேண்டும். பலனும் ஒன்று முதல் நான்கு நிமிடம் வரை நீடிக்கும் கடும் உழைப்பில்தான். வாரம் மூன்று நாள் மட்டும் ஒரு ஸ்கூப் என்று குடிப்பவர் குத்தலுக்குத்தான் காசு கொடுக்கிறார். அந்த டப்பாவில் உண்மையில் வேலை செய்வது பெரும்பாலும் காஃபின், உடல் எடையில் கிலோவுக்கு 3 முதல் 6 மி.கி., பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன். 60 கிலோ உள்ளவருக்கு 180 மி.கி.யே போதும். ஸ்கூப் ஒன்றுக்கு எத்தனை மி.கி. என்று லேபிள் சொல்லாவிட்டால் வைத்துவிடுங்கள். ஒரே நாளில் 400-க்கு மேல் போகக்கூடாது, அன்று குடித்த காபியும் அதில் சேர்த்தி.

கிரியேட்டினில் முதல் வாரமே ஒன்றிரண்டு கிலோ எடை கூடும். தசைக்குள் நீர் சேர்வது அது. உடலின் கொழுப்பையும் மற்ற எடையையும் பிரித்துக் காட்டும் டெக்ஸா ஸ்கேனிலும் அது "கொழுப்பற்ற எடை" என்றுதான் பதிவாகும். முதல் வார எடையை வைத்து ஒரு பிராண்டைப் புகழ்வதும், நிறுத்தியதும் "தசை போச்சு" என்று அலறுவதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள். 20 கிராம் வீதம் ஐந்தாறு நாள் ஏற்றுவதும் கட்டாயமில்லை. தினம் 3 முதல் 5 கிராம் எடுத்தாலும் சுமார் நான்கு வாரத்தில் தசை அதே அளவு நிரம்பும், வயிற்றுப்போக்கும் வராது.

"கிட்னி போயிடும்" என்ற பயம் பெரும்பாலும் ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டில் தொடங்குகிறது. கிரியேட்டின் உடலில் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளாக மாறித்தான் வெளியேறும். எடுப்பவருக்கு கிரியேட்டினின் கொஞ்சம் கூடவே காட்டும், அதை வைத்துக் கணக்கிடும் இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடு) குறைவாகக் காட்டும், சிறுநீரகம் நன்றாக இருந்தாலும். சந்தேகம் இருந்தால் சிஸ்டாட்டின்-சி சோதனை கேளுங்கள், அது தசையையும் கிரியேட்டினையும் சார்ந்ததல்ல. ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். கல்லீரல் சோதனையிலும் இப்படி ஒரு பொறி இருக்கிறது. அதில் பார்க்கும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற நொதிகள் இரண்டும் தசையிலும் உள்ளவை. பழக்கமில்லாத கடும் எடைப் பயிற்சிக்குப் பின் ஒரு வாரமோ அதற்கு மேலோகூட உயர்ந்தே இருக்கும். ஆகவே ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது ஏழு நாள் முன்பே கனமான பயிற்சியை நிறுத்திவிடுங்கள். அப்படியும் கூடியிருந்தால் சிபிகே (தசை நொதி), ஜிஜிடி (கல்லீரல் நொதி), பிலிருபின் (மஞ்சள் காமாலையில் கூடும் நிறமி) மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிபிகே மட்டும் ஏறி மற்ற இரண்டும் சரியாக இருந்தால் அநேகமாகத் தசை. ஜிஜிடியோ பிலிருபினோ ஏறியிருந்தால் எல்லாப் பொடியையும் மாத்திரையையும் அன்றே நிறுத்திவிட்டு, டப்பாக்களைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். பெயர் சொன்னால் போதாது, லேபிளையும் பேட்ச் எண்ணையும் அவர் பார்க்க வேண்டும்.